பால்காரர் வண்டி

டெல்லியிலிருந்து வயலட் லைன் மெட்ரோவில் ஃபரீதாபாத் பக்கம் வந்தவர்களுக்கு 'எஸ்கார்ட்ஸ் முஜேசர்' என்கிற ஸ்டேஷன் பெயர் காதில் விழுந்திருக்கும். 2015-ல் எங்க ஊருக்கு மெட்ரோ வந்தபோது அதுதான் கடைசி ஸ்டேஷன். முஜேசர் பழைய கிராமத்தின் பெயர். எஸ்கார்ட்ஸ் டிராக்டர் கம்பெனி. 1998-ல் நான் பெட்டி படுக்கையோடு இங்கே வேலைக்கு வந்ததிலிருந்து அந்தப் பெயரை ஆட்டோக்காரர் வாயில், காய்கறிக்காரர் வாயில் என்று ஆயிரம் தடவை கேட்டிருப்பேன். அது எங்கேயிருந்து வந்தது என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை. யோசிக்க வைத்தது ஒரு துருப்பிடித்த பைக்.

2022 டிசம்பர். ஆபீஸில் கூட வேலை பார்க்கிற ஒரு பையனின் அக்கா கல்யாணத்துக்கு பல்லப்கட் தாண்டி யமுனைக் கரைப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். சாப்பாடு முடிந்து (பூரி, ஜிலேபி, பெரிய டம்ளரில் பால். நம்ம வயிறு அதுக்குப் பழகவே இல்லை, இத்தனை வருஷம் ஆகியும்) காலாற நடந்தபோது எருமைத் தொழுவத்துக்குப் பக்கத்தில் வறட்டி அடுக்கு ஒன்று. அதற்குள்ளேயிருந்து ஒரு ஹெட்லைட் எட்டிப் பார்த்தது. வறட்டியை நகர்த்திப் பார்த்தால் ராஜ்தூத்!

இந்த இடத்தில் கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். எங்க அறந்தாங்கிப் பக்கம் நான் சின்னப் பையனாக இருந்தபோது மாட்டு டாக்டரிடம் ஒரு ராஜ்தூத் இருந்தது. தெருமுனையில் அந்தச் சத்தம் கேட்டாலே எங்க வீட்டுப் பசு காதைத் தூக்கும். ஊசி போட வருகிறார் என்று அதுக்குத் தெரியும். எனக்கு அந்த வண்டியின் பெட்ரோல் டாங்க்கைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று ஆசை. டாக்டர் விட்டதே இல்லை.

அதனால் இந்த டாங்க்கைத் தொட்டேன். சாணிப்புழுதி கையோடு வந்தது.

வண்டிக்காரர் அந்தப் பையனின் பெரிய தாத்தா. எண்பது வயசுக்கு மேல். ஊரே 'தாவூ' என்று கூப்பிடுகிறது, நானும் தாவூஜி என்றேன். 1970-ல் வாங்கின வண்டியாம். முப்பது வருஷம் இதில்தான் ஃபரீதாபாத்துக்குப் பால் கொண்டுவந்து ஊற்றியிருக்கிறார். பக்கத்துக்கு ரெண்டு கேனாக நாலு கேன். எல்லாம் சேர்த்து நூறு லிட்டருக்குக் குறையாது. பின்சீட்டுக்குக் கீழே ரெண்டு பக்கமும் கேன் மாட்டுகிற தடித்த இரும்புக் கொக்கிகள் ஃப்ரேமோடு வெல்டு வைத்து அப்படியே இருந்தன. விலை கேட்டேன். சிரித்தார். காசு வேண்டாம், ரெண்டே கண்டிஷன் என்றார். ஒன்று, விற்கக்கூடாது. ரெண்டு, என்றைக்காவது ஸ்டார்ட் ஆனால் கூப்பிடணும். டிராக்டர் காகிதங்களோடு பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்த ஆர்.சி. புத்தகத்தையும் எடுத்துக் கொடுத்தார். அந்தப் புத்தகம் பின்னால் எவ்வளவு பெரிய விஷயமாகப் போகிறது என்று அப்போது தெரியாது.

டெம்போவில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தால் தங்கமணி வாசலிலேயே நிற்கிறாள். "ஏங்க, வீட்ல இருக்கற மிக்ஸியை ரிப்பேர் பண்ண ஆறு மாசமா நேரமில்லைன்னீங்க?" பதில் இல்லை. ஹிஹி.

நாங்கள் இருப்பது ரெண்டாவது மாடி. வண்டி கீழே பார்க்கிங்கில் ஒரு மூலையில், எஞ்சின் மட்டும் மேலே பால்கனியில் என்று ஏற்பாடு. கல்லூரியில் படிக்கிற மகள்தான் உதவியாளர். கழற்றுகிற ஒவ்வொரு நட்டையும் போல்ட்டையும் தனித்தனி ஜிப் பையில் போட்டு, எதில் இருந்து வந்தது என்று எழுதி வைத்தாள். ஹிந்தியில் எழுதினாள். தமிழில் எழுதேன் என்றால், "மட்கார்டுக்குத் தமிழ்ல என்னப்பா?" என்கிறாள். வாயை மூடிக்கொண்டேன்.

எனக்குத் தெரிந்த மெக்கானிக் வேலை ஸ்பேனர் பிடிக்கிற அளவுதான். தேடியபோது என்.ஐ.டி. அஞ்சாம் நம்பரில் ஒரு பழைய மெக்கானிக் கிடைத்தார். எழுபது வயசு இருக்கும். உஸ்தாத்ஜி என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, முன் சக்கரத்தைப் பிடித்திருந்த ஃபோர்க்கைத் தட்டி, "போலண்ட்வாலா" என்றார்.

எனக்குப் புரியவில்லை. ராஜ்தூத் நம்ம ஊர் வண்டி இல்லையா?

இல்லை. இங்கேதான் கதை ஆரம்பிக்கிறது.

போலந்தில் கீல்ட்சே என்று ஒரு ஊர். அங்கே 'ஹூட்டா லுட்விகுஃப்' என்று ஒரு வார்ப்பு ஆலை. ரெண்டாம் உலகப்போருக்கு முன்னால் போலந்து ராணுவத்துக்கு இரும்புத் தொப்பியும் குதிரைப்படைக்கு வாளும் செய்த இடம். 1938-ல் அவர்களுக்கு மோட்டார் சைக்கிள் ஆசை வந்தது. ஆலைப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து எஸ்.ஹெச்.எல். என்று பெயர் வைத்து 98 சிசி-யில் ஒரு குட்டி வண்டி விட்டார்கள். மறு வருஷமே போர், எல்லாம் நின்றது. போருக்குப் பிறகு மறுபடி ஆரம்பித்து ஒவ்வொரு மாடலாக வளர்த்து, 1961-ல் எம்-11 என்று ஒன்று கொண்டுவந்தார்கள். 175 சிசி என்று பெயர், கணக்குப் போட்டால் 173 சொச்சம். டூ ஸ்ட்ரோக், ஒற்றை சிலிண்டர், 9 குதிரைசக்தி. முன்பக்கம் சாதாரணமாக நாம் பார்க்கிற குழாய் ஃபோர்க் இல்லை. சக்கரத்துக்குப் பின்னால் அச்சு வைத்து ஊஞ்சல் மாதிரி ஆடுகிற 'எர்ல்ஸ்' ஃபோர்க். எர்ல்ஸ் என்ற ஆங்கிலேயர் 1950-களில் கொண்டுவந்தது. 1955-லிருந்து பி.எம்.டபிள்யூ.காரர்கள்கூட அதைத்தான் போட்டார்கள். இதில் ஒரு வேடிக்கை: முன் பிரேக் பிடித்தால் மற்ற வண்டிகள் மூக்கை இறக்கும், இது மூக்கைத் தூக்கும். பாரத்துக்கு அசையாது. நாலு பால் கேனோடு குண்டும் குழியுமான ரோட்டில் முப்பது வருஷம் போனதற்கு இந்த ஊஞ்சலும் ஒரு காரணம்.

இந்த எம்-11 தான் இந்தியாவில் ராஜ்தூத் ஆனது. அரச தூதர் என்று அர்த்தம். வேற்று நாட்டிலிருந்து வந்தவருக்குப் பொருத்தமான பெயர்தான்.

ஏன் போலந்து? ரெண்டாவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் நம்மிடம் டாலரும் பவுண்டும் கிடையாது. வெளிநாட்டு இயந்திரம் வாங்க ஒவ்வொரு பவுண்டுக்கும் டெல்லியில் கையேந்த வேண்டும். கிழக்கு ஐரோப்பிய நாடுகளோடுதான் ரூபாயிலேயே கணக்குத் தீர்த்துக்கொள்கிற ஒப்பந்தங்கள் இருந்தன. அதனால் அந்தத் திசையில் கதவு கொஞ்சம் சுலபமாகத் திறந்தது. மைசூரில் செக்கோஸ்லோவாக்கியாவின் ஜாவா வந்தது அந்தச் சமயம்தான். நம்ம சென்னைக்கு மட்டும் 1955-லேயே இங்கிலாந்திலிருந்து என்ஃபீல்டு வந்துவிட்டது, முதலில் ராணுவத்துக்காக. திருவொற்றியூர் புல்லட், மைசூர் ஜாவா, ஃபரீதாபாத் ராஜ்தூத். ரொம்ப காலத்துக்கு நம்ம நாட்டில் மோட்டார் சைக்கிள் என்றாலே இந்த மூணு பேர்தான்.

சரி, போலந்துக்காரனை இங்கே கூட்டிக்கொண்டு வந்தது யார்? ஹர்பிரசாத் நந்தா. லாகூர்க்காரர். குடும்பத்துக்கு அங்கே பஸ் கம்பெனி. 1944-ல் தம்பியோடு சேர்ந்து லாகூரில் எஸ்கார்ட்ஸ் ஏஜெண்ட்ஸ் என்று ஒரு கம்பெனி ஆரம்பித்தார். மூணே வருஷம். 1947-ல் கோடு போட்டார்கள், லாகூர் அந்தப் பக்கம் போய்விட்டது. தொழில், வீடு, ஊர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு டெல்லி வந்து ஏஜென்சி வியாபாரத்திலிருந்து மறுபடி தொடங்கினார். வெளிநாட்டு டிராக்டர் விற்றார். 1954-ல் பட்டியாலாவில் ஜெர்மன்காரர்களின் கோயெட்சே பிஸ்டன் ரிங் தொழிற்சாலை. 1960-களில் போலந்தின் உர்ஸுஸ் உதவியோடு டிராக்டர், இந்தப் பக்கம் ராஜ்தூத். இடம் ஃபரீதாபாத்.

ஃபரீதாபாத்தும் சும்மா கிடைத்த ஊர் இல்லை. நான் இத்தனை வருஷமாக என்.ஐ.டி., என்.ஐ.டி. என்று சொல்லிக்கொண்டிருந்தேனே, ஏதோ இன்ஜினியரிங் காலேஜ் என்று நினைத்தவர்கள் உண்டு. அது புதிய தொழில் நகரம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம். பிரிவினையில் எல்லைப்புற மாகாணத்திலிருந்து, பன்னூ, டேரா இஸ்மாயில் கான் பக்கமிருந்து வந்த இந்துக்களையும் சீக்கியர்களையும் முதலில் குருக்ஷேத்திரம் முகாமில் கூடாரம் போட்டு வைத்திருந்தார்கள். பிறகு அவர்களுக்காக 1949-ல் வேலை ஆரம்பித்த ஊர் இது. கான்ட்ராக்டரிடம் விடாமல், அகதிகளே கூட்டுறவுச் சங்கம் வைத்து செங்கல் சுமந்து ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டிக்கொண்டார்கள். பின்னால் நின்றவர்களில் முக்கியமானவர் மங்களூரில் பிறந்த கமலாதேவி சட்டோபாத்யாய. (இந்தப் பெயரைக் கைவினைப் பொருள் கண்காட்சியில் மட்டும் கேட்டிருந்தேன்.) வளர்ச்சி வாரியக் கூட்டங்களுக்கு நேருவே வந்து உட்கார்ந்திருக்கிறார். போர் இழப்பீடாக ஜெர்மனியிலிருந்து வந்து கல்கத்தா துறைமுகத்தில் சும்மா கிடந்த டீசல் மின் நிலையத்தை இங்கே கொண்டுவந்து பூட்டியிருக்கிறார்கள். அதுவரைக்கும் கடையும் வட்டிக்கடையும் வைத்துப் பழகின ஜனங்கள் லேத்தும் வெல்டிங்கும் கற்றுக்கொண்டார்கள்.

இதை நான் உஸ்தாத்ஜியிடம் ஏதோ கண்டுபிடித்த மாதிரி சொன்னபோது, அவர் கிராங்க்கேஸைத் துடைத்துக்கொண்டே, "எங்க அப்பா பன்னூவில் துணிக்கடை வைத்திருந்தார்" என்றார். அவ்வளவுதான். பிறகு பதினாலாம் நம்பர் ஸ்பேனர் கேட்டார்.

நடுவில் ஒரு சினிமா விஷயம், இல்லாவிட்டால் கோபித்துக்கொள்வீர்கள். 1973-ல் வந்த 'பாபி' படத்தில் ரிஷி கபூர் ஓட்டுகிற குட்டி வண்டி ராஜ்தூத் ஜி.டி.எஸ். எஞ்சின் இதே 175 தான், உடம்பை மட்டும் சுருக்கி விட்டிருந்தார்கள். அந்த வண்டிக்கே 'பாபி' என்று பெயர் நிலைத்துவிட்டது. படம் எடுத்த ராஜ் கபூரின் மகள் ரிது, நந்தாவின் வீட்டு மருமகள். சம்பந்தி வீட்டு வண்டிக்கு இவ்வளவுகூடச் செய்யாவிட்டால் எப்படி! பின்னாளில் தர்மேந்திரா விளம்பரத்துக்கு வந்தார். ஆனால் வண்டியை உண்மையில் ஓட்டினது சினிமா பார்த்த காலேஜ் பையன்கள் இல்லை. ஹரியானாவிலும் மேற்கு உத்தரப் பிரதேசத்திலும் இருந்த பால்காரர்கள். வடநாட்டில் ராஜ்தூத் என்றாலே 'தூத்வாலா' வண்டிதான்.

பிறகு ஜப்பான்காரர்கள் வந்தார்கள். 1984-ல் நம்ம ஓசூரிலிருந்து இண்ட்-சுசூகி. 1985-ல் இங்கே பக்கத்தில் தாருஹேடாவிலிருந்து ஹீரோ ஹோண்டா. எஸ்கார்ட்ஸே யமஹாவோடு சேர்ந்து 1983-ல் ராஜ்தூத் 350, 1985-ல் ஆர்.எக்ஸ். 100 விட்டது. கிலோமீட்டர் கணக்கிலும் வேகத்திலும் பழைய 175 பக்கத்தில்கூட நிற்க முடியாது. ஆனாலும் அது சாகவில்லை. முன்னால் குழாய் ஃபோர்க் மாட்டிக்கொண்டு இருபத்தோராம் நூற்றாண்டு பிறந்த பிறகும் கொஞ்ச காலம் வந்துகொண்டிருந்தது. இத்தனைக்கும் கீல்ட்சேயில் 1970-லேயே மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டார்கள். தாவூஜி தன் வண்டியை வாங்கின அதே வருஷம். பெற்ற ஊரில் பேர் மறைந்து, போன ஊரில் பேரன் பேத்தி எடுத்த கேஸ்.

சரி, பால்கனிக்கு வருவோம்.

டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் வால்வு கிடையாது. பெட்ரோலும் காற்றும் முதலில் பிஸ்டனுக்குக் கீழே கிராங்க்கேஸுக்குள் போய், அங்கே அமுங்கி, பிறகு மேலே ஏறி எரியும். அதனால் கிராங்க்கேஸ் காற்றுப் புகாமல் இருக்கணும். அதைக் காப்பது கிராங்க்கின் ரெண்டு பக்கமும் இருக்கிற ரப்பர் ஆயில் சீல்கள். நம்ம வண்டியில் அவை கருப்பட்டி மாதிரி இறுகியிருந்தன. அந்த நிலையில் கிக்கரை எவ்வளவு மிதித்தாலும் சரியாக ஓடாது. தப்பித் தவறி ஓடினாலும் கூடுதல் காற்றை இழுத்து, சூடேறி, பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். நிறைய பேர் பழைய வண்டிக்குப் பெயிண்ட் அடித்து, ப்ளக் மாற்றி, கார்ப்பரேட்டரோடு மல்லுக்கட்டுவார்கள். வியாதி உள்ளே இருக்கும். உஸ்தாத்ஜி முதல் நாளே சொல்லிவிட்டார்: கேஸைப் பிளக்காமல் கை வைக்க மாட்டேன் என்று.

பிளந்தோம். கிராங்க்கின் கோன் ராட் பேரிங் போயிருந்தது. அதை லேத்தில் பிரித்துப் புதுசு போட்டு, சிலிண்டரை அடுத்த சைஸுக்கு போர் பண்ணி, பிஸ்டனும் ரிங்கும் வாங்கினோம். அதற்காக மண்டி ஹவுஸில் மெட்ரோ மாறி கரோல் பாக் போய் அலைந்த சனிக்கிழமைகள் எத்தனை என்று தங்கமணியிடம் கணக்கு இருக்கிறது. புகைபோக்கி வாயிலும் சைலன்சரிலும் அடைந்திருந்த கரியைச் சுரண்டினால் ஒரு டப்பா நிறைந்தது. பெட்ரோலோடு எண்ணெய் கலந்து எரிக்கிற வண்டிக்கு அதுதான் கொழுப்பு.

கேஸுக்குள் புது பேரிங் உட்கார வைப்பதுதான் எனக்குப் பிடித்த கட்டம். பேரிங்கை முதல் நாள் ராத்திரி ஃப்ரீசரில் வைக்க வேண்டும், சுருங்கும். அலுமினியக் கேஸைச் சூடு பண்ண வேண்டும், விரியும். எதில் சூடு பண்ணுவது? பழைய தோசைக்கல்! சூடு போதுமா என்று பார்க்க உஸ்தாத்ஜி கையைக் கிட்டே கொண்டுபோனார். தங்கமணி உள்ளேயிருந்து வந்து, விரலால் ரெண்டு சொட்டுத் தண்ணீர் தெளித்தாள். சொய்ங் என்று உருண்டது. "இப்ப போடுங்க" என்றாள். பேரிங் டக்கென்று அடியில் போய் உட்கார்ந்தது, சுத்தியலே தேவைப்படவில்லை. அன்றிலிருந்து உஸ்தாத்ஜி அவளுக்கும் உஸ்தாத் பட்டம் கொடுத்துவிட்டார். (அந்தக் கல்லில் பிறகு தோசை வார்க்கவில்லை, பயப்பட வேண்டாம்.)

டாங்க்குக்குள் துரு. ரெண்டு நாள் வினிகர் ஊற்றி வைத்து, கைப்பிடி நட்டுகளைப் போட்டுக் குலுக்கி, சோடா உப்புத் தண்ணீரால் அலசினேன். இப்போது பங்கில் கிடைக்கிற பெட்ரோலில் இருபது சதவீதம் எத்தனால். அது பழைய ரப்பர் குழாயை ஊற வைக்கும், ஈரத்தையும் இழுக்கும். அதனால் எத்தனால் தாங்குகிற குழாய் மாற்றியாச்சு, ஓட்டாத நாளில் டாங்க்கைக் காலியாகவே வைக்கிறேன். லிட்டருக்கு 40 மில்லி டூ-டி ஆயில். சி.பி. பாயிண்ட் இடைவெளிக்கு உஸ்தாத்ஜியின் அளவுகோல் என் விசிட்டிங் கார்டு. என் விசிட்டிங் கார்டு முதல்தடவையாக ஒரு வேலைக்குப் பயன்பட்டது.

மட்கார்டை உப்புக் காகிதம் வைத்துத் தேய்த்தபோது பெயிண்ட் அடுக்கடுக்காக வந்தது. மேலே ட்ராக்டர் பச்சை, அடியில் நீலம், அதன் அடியில் கறுப்பு, எல்லாவற்றுக்கும் கீழே ஒரு மெரூன். மகள் ஃபோட்டோ எடுத்துக்கொண்டு, "அப்பா, இதுல எது ஒரிஜினல்?" என்றாள். மெரூன்தான் என்றேன். நல்ல நம்பிக்கையோடுதான் சொன்னேன்.

ஆனால் அந்த 'ஒரிஜினல்' என்கிற வார்த்தைதான் எங்களை மாட்டிவிட்டது.

டெல்லியைச் சுற்றியுள்ள தேசியத் தலைநகர வட்டாரத்தில் 15 வருஷத்துக்கு மேற்பட்ட பெட்ரோல் வண்டி ஓடக்கூடாது. 2014, 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது, 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அதற்குப் பிறகும் வழக்கு மேல் வழக்கு நடந்தாலும், 1970 வண்டிக்கு அதில் எந்த விமோசனமும் இல்லை. ஃபரீதாபாத் அந்த வட்டாரத்துக்குள்தான். ஒரே ஒரு வாசல் உண்டு. 2021-ல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் புதிதாகச் சேர்த்தது: முதல் பதிவு நடந்து 50 வருஷம் தாண்டின, தன் அசல் வடிவில் இருக்கிற வண்டியை 'விண்டேஜ்' என்று பதிந்துகொள்ளலாம். கட்டணம் 20,000 ரூபாய். நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.' என்று வரும். பத்து வருஷத்துக்குச் செல்லும். அதிலும் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, பழைய வண்டி ஊர்வலம், ஆராய்ச்சி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு, அவ்வளவுதான். அதற்குத்தான் தாவூஜி பத்திரமாக வைத்திருந்த ஆர்.சி. புத்தகம். அது இல்லாமல் எத்தனையோ நல்ல வண்டிகள் பழைய இரும்புக்குப் போயிருக்கின்றன.

விதியில் இன்னொரு வரி. ஃப்ரேமிலோ பாடியிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது.

அப்போ கொக்கி?

ரெண்டு வாரம் நான் அந்த வேலையைத் தள்ளிப் போட்டேன். கீல்ட்சேயில் வரைந்த படத்தில் அந்தக் கொக்கி கிடையாது. கம்பெனியிலிருந்து வெளியே வந்தபோதும் கிடையாது. ஆனால் இந்த வண்டி இந்த ஊரில் வாழ்ந்ததற்கு வேறென்ன அடையாளம்? என்.ஐ.டி.யில் எத்தனை வீட்டுக் குழந்தைகள் அதில் தொங்கின பாலைக் குடித்து வளர்ந்திருப்பார்கள். அந்தப் பக்கம் அம்மா ஃபோனில், "ஏண்டா, அந்த வண்டியில ஊருக்கு வர முடியுமா? முடியாதுன்னா எதுக்குடா இம்புட்டு?" என்று கேட்கிறாள். நியாயமான கேள்விதான். பதிவு இல்லையென்றால் அது பார்க்கிங் தூணுக்குப் பக்கத்தில் நிற்கிற பொம்மை. ஒருநாள் யாராவது புகார் கொடுத்தால் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். தாவூஜியிடம் விற்க மாட்டேன் என்று மட்டும் சொல்லவில்லை, காப்பாற்றுவேன் என்றும் சேர்த்துத்தான் வாங்கிவந்தேன் என்று எனக்குப் பட்டது. அறுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

கட்டிங் மெஷினோடு ஒரு பையனைக் கூட்டிவந்தேன். உஸ்தாத்ஜி அவனை நிறுத்திவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு கொக்கியின் வெல்டிங்கை விரலால் தடவிப் பார்த்தார்.

"இந்த வளைவு எங்க கடையில் போடறது. அப்பா இரும்பைக் காய்ச்சி வளைப்பார், நான் துருத்தி பிடிப்பேன். பால்காரங்க வரிசையா நிப்பாங்க" என்றார். பிறகு தானே சிரித்துக்கொண்டு, "பக்கத்துக் கடையும் இப்படித்தான் வளைக்கும். அவனும் பன்னூக்காரன்தான்."

அப்படியானால் விட்டுவிடலாமா என்றேன்.

"நம்பர் வேணுமா, வேண்டாமா?" என்று கேட்டுவிட்டு மெஷினைத் தானே வாங்கிக்கொண்டார். பையனைத் தொடவிடவில்லை. கொக்கியில் ஒரு கீறல் விழாமல், ஃப்ரேமிலும் பள்ளம் விழாமல், அரை மணி நேரம் எடுத்து அறுத்தார். அறுத்ததை அரம் போட்டு மழுப்பிக் கொடுத்தார். அன்று கூலி வாங்கிக்கொள்ளவில்லை. டீயும் வேண்டாம் என்றுவிட்டார்.

2025 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பதினோராவது உதையிலோ பன்னிரண்டாவது உதையிலோ, வண்டி உயிர் வந்து இருமியது. பார்க்கிங் முழுக்க நீலப்புகை. சொசைட்டி செக்ரட்டரி பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தார். எனக்குக் காதில் விழுந்தது அறந்தாங்கி மாட்டு டாக்டர். தாவூஜிக்குப் ஃபோன் போட்டு, ஃபோனை சைலன்சர் பக்கம் காட்டினேன். மறுமுனையில் ஒன்றும் பேச்சில்லை. அடுத்த ஞாயிறு பேரனோடு நேரிலேயே வந்துவிட்டார்.

மெரூன் பெயிண்டில் பளபளவென்று நின்ற வண்டியை ஒரு சுற்று சுற்றிவந்தார். இரண்டாவது சுற்றில் பின்னால் நின்றுவிட்டார்.

"கொக்கி எங்கே?"

சொன்னேன். சட்டம், நம்பர், ஐம்பது வருஷம், எல்லாம். என் ஹிந்தி அன்றைக்கு ரொம்பத் தடுமாறியது. உஸ்தாத்ஜி பக்கத்தில் நின்றுகொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மேலே ஓடிப்போய், பழைய துண்டில் சுற்றி வைத்திருந்த ரெண்டு கொக்கிகளையும் கொண்டுவந்து கொடுத்தேன். கையில் வாங்கி எடை பார்க்கிற மாதிரி தூக்கிப் பார்த்தார். உஸ்தாத்ஜியிடம், "நீதான் அறுத்தியா?" என்றார். ஆமாம் என்று தலையசைத்தார். "நல்லா அறுத்திருக்க" என்றார் தாவூஜி.

பிறகு ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். ஓடுகிற எஞ்சினின் டாங்க் மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். என்னைப் பார்த்து, "சூடானா ரெண்டாவது கியர் நழுவும். காலை எடுக்காம அழுத்தியே வெச்சுக்க" என்றார். நானும் உஸ்தாத்ஜியும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். அந்தப் பல்சக்கரம் தேய்ந்திருப்பதைப் பார்த்திருந்தோம். கரோல் பாகில் கிடைக்காததால், சமாளிக்கும் என்று அப்படியே பூட்டியிருந்தோம்.

கொக்கிகளைச் சாக்குப் பையில் போட்டுக் கையோடு கொண்டுபோனார். நம்பருக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறேன். அது வரும்வரை வண்டி ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐந்து நிமிஷம் பார்க்கிங்கிலேயே நின்று ஓடும். போன மாதம் தாவூஜியின் பேரன் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தான். தொழுவத்துச் சுவரில் ரெண்டு கொக்கியையும் பதித்திருக்கிறார்கள். ஒன்றில் பால் வாளி தொங்குகிறது, இன்னொன்றில் பேரனின் ஹெல்மெட்.